படிக்கப் போன பிள்ளை கடை திறக்கலாமா?

யாழ்ப்பாணத்தார் கடல் கடந்து சென்ற வரலாறு நெடியது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலே மலாயா நாட்டின் புகையிரதப் பகுதிக்கும் அரசாங்கக் கந்தோர்களுக்கும் எழுதுவினைஞராகச் சென்றோர் எத்தனையோ பேர். அவர்கள் சம்பளம் நாடிச் சென்றவர்கள்; கடை திறக்கச் சென்றவர்கள் அல்லர். கடை திறக்கும் துணிவு உள்ளவர்கள் தென்னிலங்கைப் பட்டினங்களிலே சுருட்டுக்கடை வைத்துப் பெயர் பெற்றார்கள். ஆயினும் "உத்தியோகம் புருஷ லட்சணம்" என்ற பழமொழியே நம்மவர் வீடுகளில் நெடுங்காலம் ஆட்சி செய்தது. பிள்ளை படிக்க வேண்டும், பரீட்சையிலே சித்தியெய்த வேண்டும், நிலையான உத்தியோகம் ஒன்றிலே அமர வேண்டும் என்பதற்கு அப்பால் பெற்றோரின் கனவு அதிகம் சென்றதில்லை.

இன்றோ நிலைமை மாறிவிட்டது. மேற்படிப்புக்காக அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்குச் செல்லும் நம் இளைஞர், அங்கே தம்மோடு ஒரே வாங்கில் அமர்ந்து படிக்கும் தோழர்கள் இருவர் மூவராகச் சேர்ந்து கம்பனி தொடங்குவதைக் காண்கிறார்கள். கணினி ஒன்றும் நல்ல எண்ணம் ஒன்றும் இருந்தாற் போதும், உலகையே விலைக்கு வாங்கலாம் என்ற பேச்சு அவர்கள் காதில் விழுகிறது. "நாமும் ஒன்று தொடங்கினால் என்ன?" என்ற ஆசை எழுவது இயல்பே. ஆனால் தோழனுக்கும் அவனுக்கும் இடையே ஒரு வேற்றுமை உண்டு. தோழன் அந்நாட்டுப் பிரசை. இவனோ கடவுச்சீட்டிலே மாணவர் விசா ஒட்டப்பட்டவன். அந்தச் சிறு தாள் எதனை அனுமதிக்கிறது, எதனைத் தடுக்கிறது என்பதை அறியாது காலடி வைத்தால், காணியை ஈடுவைத்துப் பிள்ளையை அனுப்பிய குடும்பத்தின் முயற்சி முழுவதும் வீணாகிவிடக்கூடும். ஆதலின் இவ்விஷயத்தைச் சற்று விரிவாக ஆராய்தல் பயனுடையதாகும் என்று கருதுகிறோம்.

அந்நியர் கட்டிய தொழில்கள்

கலிபோர்னியா மாகாணத்தில் சிலிக்கன் பள்ளத்தாக்கு என்று வழங்கும் பிரதேசம் கணினித் தொழிலின் தலைவாசல். அதன் வளர்ச்சியிலே வெளிநாட்டிலிருந்து வந்தோரின் பங்கு சாதாரணமானதன்று. ஜெர்மனியிலிருந்து 1975ஆம் ஆண்டிலே புலமைப் பரிசில் பெற்று வந்தவர் அன்டி பெக்டல்சைம். ஸ்ரான்போர்ட் சர்வகலாசாலையில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபொழுது அவர் அமைத்த கணினியே, 1982ஆம் ஆண்டிலே சன் மைக்ரோசிஸ்ரம்ஸ் என்னும் கம்பனி தோன்றக் காரணமாயிற்று. அக்கம்பனியைத் தொடங்கிய நால்வருள் இன்னொருவரான வினோத் கோஸ்லாவும் டில்லியிலே பொறியியல் கற்று, பின்னர் அமெரிக்காவிலே மேற்படிப்புப் படித்தவரே. சன் என்ற பெயர்கூட ஸ்ரான்போர்ட் சர்வகலாசாலை வலையமைப்பு என்பதன் ஆங்கில முதலெழுத்துக்களாலானது.

தனிப்பட்ட சிலரின் கதையை மட்டும் கொண்டு முடிவுகட்டுதல் தகாது. ஆராய்ச்சியாளர் கண்ட தொகைகளையும் நோக்குவோம். கலிபோர்னியா சர்வகலாசாலைப் பேராசிரியை ஆனாலீ சக்சேனியன் 1999ஆம் ஆண்டிலே வெளியிட்ட ஆய்வு, 1980 முதல் 1998 வரை சிலிக்கன் பள்ளத்தாக்கில் எழுந்த தொழினுட்பக் கம்பனிகளில் ஏறக்குறைய நான்கில் ஒன்றைச் சீனரும் இந்தியருமான பொறியியலாளர் நடத்தினர் என்று காட்டியது. பின்னர் 2007ஆம் ஆண்டிலே விவேக் வாத்வாவும் அவருடைய குழுவினரும் நாடு முழுவதையும் ஆராய்ந்தனர். 1995க்கும் 2005க்கும் இடையே தொடங்கப்பெற்ற பொறியியல், தொழினுட்பக் கம்பனிகளில் நூற்றுக்கு 25.3 வீதமானவற்றிலே தொடக்குநருள் ஒருவராவது வெளிநாட்டிற் பிறந்தவர் என்றும், சிலிக்கன் பள்ளத்தாக்கில் இவ்வீதம் 52.4 என்றும் அவர்கள் கண்டனர்.

அக்குழுவினரின் தொடர்ந்த ஆய்விலே நமது மாணவர் கருத்தூன்றிப் படிக்க வேண்டிய இரு செய்திகள் உள. இவ்வாறு கம்பனி தொடங்கிய குடியேற்றத்தாருள் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் முதன்முதல் அந்நாட்டுக்கு வந்தது உயர்கல்விக்காக. தொழில் தொடங்குவதையே நோக்கமாகக் கொண்டு வந்தவர்கள் நூற்றுக்கு இருவர்கூட இல்லை. இது முதலாவது. அவர்கள் வந்திறங்கிய நாளுக்கும் கம்பனி தொடங்கிய நாளுக்கும் இடையே சராசரியாகப் பதின்மூன்று ஆண்டுகள் கழிந்திருந்தன. இது இரண்டாவது. மாணவராகச் சென்றவரே பின்னாளில் முதலாளியானார். ஆனால் மாணவராக இருக்கும்பொழுதே ஆகிவிடவில்லை. இடைப்பட்ட பதின்மூன்று ஆண்டுகளிலே பெரும்பகுதியை விழுங்குவது எது என்று வினவினால், அனுபவம் தேடுதல் ஒருபுறமாக, குடியேற்றச் சட்டம் மறுபுறமாக நிற்பதைக் காணலாம்.

சட்டத்தின் அத்திவாரம்

அமெரிக்காவின் 1924ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டமே, படிப்பதற்கென்று மட்டும் வருபவரைத் தனி வகுப்பாக அங்கீகரித்தது. பின்னர் 1952ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வகுப்புக்கு "எஃப்" என்னும் எழுத்தைச் சூட்டியது. இன்றும் சர்வகலாசாலை மாணவர் பெறுவது அந்த எஃப்-1 விசாவே. இதன் அத்திவாரம் இரண்டு நிபந்தனைகளிலே தங்கியுள்ளது. ஒன்று, மாணவன் முழுநேரமும் கல்வி பயில்வதற்கே வருகிறான் என்பது. மற்றது, தனது சொந்த நாட்டிலுள்ள வாழ்விடத்தைக் கைவிடும் எண்ணம் அவனுக்கு இல்லை என்பது. ஆகவே சட்டத்தின் கண்ணிலே அவன் குடியேறி அல்லன், விருந்தாளி. விருந்தாளி வீட்டுக்காரன் வயலிலே ஏர் பூட்ட முடியாதன்றோ? அதுபோலவே தொழில் செய்யும் உரிமையும் அவனுக்கு இயல்பாக வாய்ப்பதில்லை. தனித்தனி விலக்குகளின் வாயிலாகவே அளந்து கொடுக்கப்படுகிறது.

முதலாவது விலக்கு சர்வகலாசாலை வளவுக்குள் வேலை செய்தல். நூலகத்திலோ, ஆய்வுகூடத்திலோ, உணவுச்சாலையிலோ தவணைக் காலத்தில் வாரத்துக்கு 20 மணித்தியாலத்துக்கு மேற்படாமலும், விடுமுறையிலே முழுநேரமாகவும் அவன் வேலை பார்க்கலாம். வளவுக்கு வெளியே வேலை செய்ய வேண்டுமாயின் அது படிப்போடு ஒட்டிய பயிற்சியாக இருத்தல் வேண்டும். சர்வகலாசாலையின் வெளிநாட்டு மாணவர் அலுவலகம் முன்கூட்டியே அனுமதித்திருத்தலும் வேண்டும். பொதுவாக முதலாவது கல்வியாண்டு முடியுமுன் இதற்கு இடமில்லை. மாலை வேளையிலே வாடகைக்கார் ஓட்டுதல், வீடுகளுக்கு உணவுப்பொதி கொண்டு செல்லுதல், தெரிந்தவர் கடையிலே கையிற் காசு வாங்கிக்கொண்டு நிற்றல் ஆகியன எல்லாம் அனுமதியற்ற தொழிலே. "எல்லோருந்தானே செய்கிறார்கள்" என்ற சமாதானம் அதிகாரி முன்னே செல்லுபடியாவதில்லை.

உடைமை வேறு, உழைப்பு வேறு

இனி நமது தலைப்பிலுள்ள வினாவுக்கு வருவோம். மாணவன் கம்பனி தொடங்கலாமா? இதற்கு "ஆம்" என்றும் விடையுண்டு, "இல்லை" என்றும் விடையுண்டு. கம்பனி ஒன்றைப் பதிவு செய்வதும், அதன் பங்குகளை வைத்திருப்பதும், பங்கிலிருந்து வரும் இலாபத்தைப் பெறுவதும் முதலீடு. முதலீட்டை மாணவர் விசா தடுப்பதில்லை. வரிச்சட்டம் வேறுவகையாகக் குறுக்கிடுவதுண்டு. எஸ் வகைக் கம்பனி என்று அங்கே வழங்கும் ஒருவகைக் கம்பனியிலே, வரிச்சட்டத்தின்படி வதிவிடம் அற்ற அந்நியர் பங்குதாரராக முடியாது. ஏனைய வகைகளுக்குப் பொதுவாக இத்தடை இல்லை.

ஆனால் அந்தக் கம்பனிக்காக உழைத்தல் வேறு விஷயம். பொருளைத் தயாரித்தல், வாடிக்கையாளரோடு பேரம் பேசுதல், பட்டியல் எழுதிப் பணம் அறவிடுதல், வேலையாட்களை மேற்பார்வை செய்தல் முதலியன தொழில் செய்தலாகும். அனுமதியின்றித் தொழில் செய்தல் விசாவின் நிபந்தனையை மீறுதலாகும். உடைமையாளனாக இருக்கலாம், உழைப்பாளியாக இருக்கக்கூடாது என்று சுருங்கச் சொல்லலாம்.

ஓர் உதாரணம் கூறுவோம். நமது மாணவன் ஒருவன் இரண்டாம் ஆண்டிலே, கமக்காரர் தமது விளைபொருளின் சந்தை விலையை அறிவதற்கான செயலி ஒன்றைத் தோழன் ஒருவனோடு சேர்ந்து அமைக்கிறான் என்க. வகுப்புப் பயிற்சியாக அவ்வாறு அமைத்தமட்டில் அது படிப்பு. தோழனுடைய கம்பனியிலே பத்திலொரு பங்கை விலைக்கு வாங்கினால் அது முதலீடு. அச்செயலியை வியாபாரிகளுக்கு விற்று, மாதந்தோறும் திருத்தி, பணமும் வசூலிக்கத் தொடங்கினானாயின் அன்றே அவன் எல்லையைத் தாண்டிவிட்டான். "நான் சம்பளம் எதுவும் எடுக்கவில்லையே" என்று அவன் கூறலாம். சம்பளம் எடுக்கவில்லை என்பது மட்டும் போதிய விடையன்று. பிறர் கூலி பெற்றுச் செய்யக்கூடிய வேலையை ஒருவன் பிற்கால இலாபத்தை நோக்கிச் செய்வானாயின், அதையும் தொழிலென்றே அதிகாரிகள் கொள்ளக்கூடும். எண்ணத்துக்கும் தொழிலுக்கும் இடையே உள்ள கோடு காகிதத்திலே தெளிவாகத் தெரிவதுபோல வாழ்க்கையிலே தெரிவதில்லை. அதனாலேயே ஆபத்து அதிகம்.

பன்னிரண்டு மாதச் சாளரம்

ஆயினும் சட்டம் சாளரம் ஒன்றைத் திறந்து வைத்திருக்கிறது. பட்டப் படிப்பை முடித்தபின், கற்ற துறையிலேயே பயிற்சி பெறுவதற்காக ஒவ்வொரு பட்டநிலைக்கும் 12 மாதம் வேலை செய்ய மாணவன் அனுமதி பெறலாம். ஆங்கில முதலெழுத்துக்களால் இதனை ஓ.பி.ரி. என்பர். படிப்பு முடிவதற்கு 90 நாள் முன்னதாகவும், முடிந்து 60 நாளுக்குள்ளும் இதற்கு விண்ணப்பிக்க வேண்டும். படிக்கும் காலத்திலேயே பாடத்திட்டத்தோடு இணைந்த பயிற்சியை முழுநேரமாக 12 மாதம் செய்தவன் இவ்வுரிமையை அப்பட்டநிலைக்கு இழந்துவிடுவான் என்பதும் நினைவிலிருக்க வேண்டும்.

இந்தப் பன்னிரண்டு மாதத்தின் சிறப்பு யாதெனில், இக்காலத்தில் மாணவன் பிறரிடம் வேலை பார்க்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. சொந்தத் தொழிலே நடத்தலாம். அதற்கும் நிபந்தனை உண்டு. தொழில் அவன் கற்ற துறையோடு தொடர்புடையதாக இருக்க வேண்டும். உரிய அனுமதிப் பத்திரங்கள் பெற்றிருக்க வேண்டும். அவன் முழுநேரமும் அதில் ஈடுபட வேண்டும். பொறியியற் பட்டதாரி பொறியியற் கம்பனி நடத்தலாம். தோசைக்கடை திறக்க முடியாது. வேலையின்றி இருக்கும் நாட்கள் மொத்தம் 90ஐத் தாண்டலாகாது. ஆகவே நாட்குறிப்பும் கணக்குப் புத்தகமும் ஒழுங்காக வைத்திருப்பவனே இச்சாளரத்தின் பயனை அடைவான்.

விஞ்ஞானம், தொழினுட்பம், பொறியியல், கணிதம் ஆகிய துறைகளிலே பட்டம் பெற்றவர்களுக்கு மேலும் 24 மாத நீடிப்பு உண்டு. 2008ஆம் ஆண்டிலே 17 மாதமாகத் தொடங்கிய இந்நீடிப்பு 2016ஆம் ஆண்டிலே 24 ஆக உயர்த்தப்பட்டது. ஆனால் காலம் நீளும்பொழுது கயிறும் இறுகுகிறது. நீடிப்புக் காலத்திலே வேலைகொள்வோர் ஒருவர் இருத்தல் வேண்டும். பணியாளரின் தொழிலுரிமையைச் சரிபார்க்கும் அரசாங்க ஏற்பாட்டில் அவர் சேர்ந்திருக்க வேண்டும். பயிற்சித் திட்டம் ஒன்றை எழுதிக் கையெழுத்திட வேண்டும். மாணவனின் முன்னேற்றத்தை மதிப்பிடவும் வேண்டும். மாணவன் தனக்குத் தானே முதலாளியாகவும் தனக்குத் தானே பயிற்றுநராகவும் கையெழுத்திட முடியாது. பலர் முதலாம் ஆண்டிலே சொந்தக் கம்பனி நடத்திவிட்டு, இரண்டாம் ஆண்டிலே அதனை மூடவோ, மேற்பார்வை செய்யத்தக்க கூட்டாளியைத் தேடவோ நேர்வது இதனாலேதான்.

அதன்பின் குலுக்கல்

பயிற்சிக் காலம் முடிந்தால் அடுத்த வழி பெரும்பாலும் எச்-1பி எனப்படும் தொழில் விசா. 1990ஆம் ஆண்டுச் சட்டம் இதனை அமைத்தது. ஆண்டொன்றுக்கு 65,000 என்பது இதன் பொது எல்லை. அமெரிக்கச் சர்வகலாசாலைகளிலே முதுமாணி முதலான மேற்பட்டம் பெற்றோருக்கென 2004ஆம் ஆண்டுச் சட்டம் மேலும் 20,000 இடங்களைச் சேர்த்தது. விண்ணப்பங்கள் இத்தொகையைப் பலமடங்கு தாண்டுவதால் குலுக்கி எடுக்கும் நிலை வந்துவிட்டது. பரீட்சையிலே முதலிடம் பெற்றவனும் குலுக்கலிலே தோற்கலாம். மேலும் இவ்விசாவுக்கு விண்ணப்பிப்பவன் தொழிலாளி அல்லன்; அவனை வேலைக்கு எடுக்கும் கம்பனியே. சொந்தக் கம்பனி தன்னை உடையவனுக்காகவே விண்ணப்பிக்கலாமா என்பது நெடுங்காலம் ஐயத்துக்கிடமாய் இருந்தது. 2025ஆம் ஆண்டு ஜனவரி 17ஆந் திகதி நடைமுறைக்கு வந்த விதி, விண்ணப்பிக்கலாம் என்று தெளிவாக்கியது. ஆயினும் கம்பனியின் கட்டுப்பாட்டைத் தன் கையில் வைத்திருப்பவனுக்கு முதல் அனுமதியும் அடுத்த நீடிப்பும் 18 மாதத்துக்கு மேற்படா. அவன் தன் நேரத்திலே பாதிக்கு மேல் கற்ற துறைக்குரிய பணியிலேயே செலவிடவும் வேண்டும்.

அதே ஆண்டு செப்டெம்பரிலே, புதிய எச்-1பி விண்ணப்பங்களுக்கு 100,000 டொலர் கட்டணம் விதிக்கும் ஜனாதிபதிப் பிரகடனம் வெளியாயிற்று. நாட்டுக்குள்ளேயே மாணவராக இருந்து தகுதி மாற்றம் பெறுவோருக்கு அது பொருந்தாது என்று அடுத்த மாதம் அதிகாரிகள் விளக்கினர். விதி எத்துணை விரைவாக மாறுகிறது, ஒரு சொல்லின் விளக்கத்திலே எத்தனை குடும்பங்களின் எதிர்காலம் தங்கியிருக்கிறது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

மூவர் கதை

இச்சட்டத்தோடு மல்லுக்கட்டிய மூவரின் கதைகளை நோக்குவோம். பிரேசில் நாட்டினரான மைக் கிரீகர் 2004ஆம் ஆண்டிலே மாணவர் விசாவில் ஸ்ரான்போர்ட் சென்றார். படிப்பு முடிந்து வேறொரு கம்பனியிலே வேலை பார்த்தபின், 2010ஆம் ஆண்டிலே தோழர் கெவின் சிஸ்ட்ரமோடு சேர்ந்து இன்ஸ்ரகிராமை உருவாக்க முற்பட்டார். புதிய கம்பனிக்குத் தமது தொழில் விசாவை மாற்றிக்கொள்வதற்கு அவருக்கு மூன்று மாதத்துக்கு மேற்பட்ட காலம் பிடித்தது. கூட்டாளி காத்திருந்தார், அனுமதியும் வந்தது. பின்னர் பேஸ்புக் கம்பனி அதனை 100 கோடி டொலருக்கு வாங்க உடன்பட்டது. அனுமதி வருமுன் அவசரப்பட்டு வேலை தொடங்கியிருந்தால் கதை வேறாக முடிந்திருக்கலாம்.

ஜோதி பன்சால் என்னும் இந்தியப் பொறியியலாளர் 2000ஆம் ஆண்டிலே தொழில் விசாவில் அமெரிக்கா சென்றவர். சொந்தக் கம்பனி தொடங்கும் எண்ணம் இருந்தும், நிரந்தர வதிவிடத்துக்கான வரிசையிலே ஏழாண்டு காத்திருக்க நேர்ந்தது. தடை நீங்கியபின் 2008ஆம் ஆண்டிலே அவர் தொடங்கிய அப்டைனமிக்ஸ் கம்பனியை, 2017ஆம் ஆண்டிலே சிஸ்கோ நிறுவனம் 370 கோடி டொலர் விலை பேசி வாங்கியது.

மூன்றாமவர் குணால் பால். பென்சில்வேனியா சர்வகலாசாலையிலே பட்டம் பெற்ற அவருக்குத் தொழில் விசா கிடைக்காமற் போகவே, 2007ஆம் ஆண்டிலே இந்தியாவுக்குத் திரும்பினார். 2010ஆம் ஆண்டிலே தோழர் ஒருவரோடு ஸ்நாப்டீல் என்னும் இணைய வணிக நிறுவனத்தைத் தொடங்கி ஆயிரக்கணக்கானோருக்கு வேலை கொடுத்தார். அமெரிக்கா இழந்ததை இந்தியா பெற்றது. விசா மறுக்கப்பட்டால் வாழ்வு முடிந்தது என்று மனமுடையும் இளைஞர் இவர் கதையை நினைவிற்கொள்ளுதல் நன்று.

வேறு வாயில்கள்

எச்-1பி ஒன்றே வழியன்று. தமது துறையிலே அசாதாரணத் திறமையைச் சான்றுகளால் நிலைநாட்டக்கூடியவருக்கு ஓ-1 விசா உண்டு. அதற்குத் தொகை எல்லையும் இல்லை, குலுக்கலும் இல்லை. பெருஞ் செல்வர் 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஈபி-5 வழியாக நிரந்தர வதிவிடம் பெற முயலலாம். 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி முதலீட்டுத் தொகை 1,050,000 டொலர், குறிப்பிட்ட பிரதேசங்களிலே 800,000 டொலர். அத்துடன் பத்துப் பேருக்காவது முழுநேர வேலை உண்டாக்கவும் வேண்டும். 2017ஆம் ஆண்டு ஜனவரியிலே வெளியான இன்னொரு விதி, குறைந்தது 10 வீதப் பங்கை உடையவராய் முதலீட்டாளரிடமிருந்து பெருந்தொகை பெற்ற புதுக்கம்பனித் தொடக்குநரை இரண்டரை ஆண்டுக்குத் தங்கவிட வழிசெய்தது. இது விசா அன்று. அதிகாரியின் விருப்பத்தின்பாற்பட்ட சலுகை மட்டுமே. சர்வகலாசாலைகள் எச்-1பி எல்லைக்கு உட்பட்டவை அல்ல என்பதைப் பயன்படுத்தி, 2014ஆம் ஆண்டிலே மசச்சூசெற்ஸ் மாகாணம் நுட்பமான வழியொன்றைக் கண்டது. தொடக்குநர் சர்வகலாசாலையிலே பகுதிநேரப் பணி ஏற்று, அதன்வழி விசா பெற்று, பின் தமது கம்பனியிலும் வேலை செய்யலாம் என்பதே அது.

இவற்றுள் இலங்கையர் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது ஈ-2 என்னும் ஒப்பந்த முதலீட்டாளர் விசா. அமெரிக்காவோடு உரிய ஒப்பந்தம் செய்த நாட்டுப் பிரசைகளுக்கே இது கிடைக்கும். இலங்கை 1993ஆம் ஆண்டு மே மாதம் முதல் அந்த நாடுகளுள் ஒன்று; இந்தியா அப்பட்டியலில் இல்லை. இந்திய மாணவனுக்கு அடைபட்ட கதவு நம் மாணவனுக்குத் திறந்திருப்பது அபூர்வமான சந்தர்ப்பமேயாம். இதற்குக் குறித்த தொகை சட்டத்தில் இல்லை. தொழிலின் தன்மைக்கு ஏற்றபடி கணிசமான முதலாக இருக்க வேண்டும் என்பதே விதி. பணம் நேர்மையான வழியில் வந்ததாய், உண்மையிலேயே தொழிலில் இறக்கப்பட்டதாய் இருத்தல் வேண்டும். தொழிலிலே பாதிக்குக் குறையாத உடைமையோ, அதனை நடத்தும் அதிகாரமோ முதலீட்டாளரிடம் இருக்க வேண்டும். குடும்பத்தின் சோற்றுக்கு மட்டும் போதுமான சிறுகடை போதாது. இவ்விசாவைத் திரும்பத் திரும்பப் புதுப்பிக்கலாம்; ஆனால் அது தானாக நிரந்தர வதிவிடத்தைத் தராது.

சட்டம் கொடியதா?

இவற்றையெல்லாம் கேட்ட இளைஞன், "அறிவுடையவன் உழைக்க வருகிறான், அவனைத் தடுப்பது மடமையன்றோ?" என்று வினவக்கூடும். அவ்வினாவிலே நியாயம் உண்டு. புதுக்கம்பனி உள்நாட்டவருக்கு வேலை கொடுக்கிறது, வரி கட்டுகிறது. படிப்பித்த நாடே படித்தவனைத் துரத்துவது விதையிட்டவன் அறுவடைக்கு முன்னே வயலை விட்டுப் போவதை ஒக்கும்.

மறுபக்கத்திலும் நியாயம் உண்டு. படிப்பு என்ற பெயரால் மலிவான தொழிலாளரை இறக்குமதி செய்யும் போலிக் கல்விக்கூடங்கள் அந்நாட்டிலே தோன்றியதும், வழக்குகள் நடந்ததும் மறைக்க முடியாத உண்மை. தனது பிரசைகளின் தொழிலையும் சம்பளத்தையும் காக்கும் கடமை எந்த அரசுக்கும் உண்டு. நமது தீவையே எடுத்துக்கொள்வோம். 1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவரவு, குடியகல்வுச் சட்டம் இங்கே வரும் அந்நியரை நோக்கத்துக்கும் காலத்துக்கும் கட்டுப்படுத்துகிறது. சுதந்திரத்தின் பின்வந்த ஆண்டுகளிலே தற்காலிக வதிவிட அனுமதி பெற்றே இந்திய வணிகரும் கடைச் சிப்பந்திகளும் இங்கு தங்கினர். அவ்வனுமதி புதுப்பிக்கப்படாமையாற் கடைகளைப் பூட்டிக்கொண்டு கப்பலேறியவர்களும் உண்டு. கொழும்புச் செட்டியார் தெருவின் பழைய வரலாறு அறிந்தோர் இதனை மறந்திரார். பிறர் வாசலில் நிற்கும்பொழுது மட்டும் நீதி பேசி, நமது வாசலில் நிற்பவரை மறத்தல் அழகன்று.

நமது கருத்து இதுவாகும். நோக்கத்தை ஆராய்ந்து விசா வழங்குதல் குற்றமன்று. ஆனால் மனிதனுடைய நோக்கம் வளரக்கூடியது என்பதைச் சட்டம் ஏற்க வேண்டும். படிக்க வந்தவன் ஒருநாள் படைக்கவும் விரும்புவான். அதற்கு நேர்மையான வழியொன்று குலுக்கலில்லாது இருக்குமானால், கள்ளவழியை நாடுவோர் தொகையும் குறையும். அந்த நன்னாள் வரும்வரை, இருக்கும் சட்டத்தை அறிந்து நடத்தலே விவேகம்.

மீறினால் விளைவது

அனுமதியின்றித் தொழில் செய்தது வெளிப்பட்டால் மாணவத் தகுதி அப்பொழுதே போய்விடும். மாணவரின் விவரங்கள் அனைத்தும் 2003ஆம் ஆண்டு முதல் மத்திய அரசின் கணினிப் பதிவேட்டிலே உள. வேறு விசாவுக்கு மாற விண்ணப்பிக்கும்பொழுதும், நிரந்தர வதிவிடம் கேட்கும்பொழுதும், பல ஆண்டுக்கு முந்திய சிறு மீறல் கிளறப்படலாம். கம்பனி வளர்ந்து முதலீட்டாளர் வரும் வேளையிலே அவர்தம் வழக்கறிஞர் முதலிற் கேட்பதும் தொடக்குநரின் விசா வரலாற்றையே. சிறு மீறல் என்று அன்று எண்ணியது, கம்பனி பெரிதாகும்பொழுது தானும் பெரிதாகி நிற்கும்.

ஆகவே மாணவருக்குச் சில சொற்கள். எண்ணத்தை அடக்க வேண்டாம். எழுதி வையுங்கள், ஆராயுங்கள், பேராசிரியரோடு விவாதியுங்கள். கம்பனி என்ற பேச்சு எழுந்த அன்றே சர்வகலாசாலையின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்குச் சென்று கேளுங்கள். தேவையாயின் குடியேற்றச் சட்டம் அறிந்த வழக்கறிஞரின் ஆலோசனையைப் பெறுங்கள். அறைத்தோழனின் அபிப்பிராயம் சட்டமாகாது. வாய்ப்பேச்சை நம்பாது எழுத்திலே அனுமதி பெறுங்கள். விதி மாறிக்கொண்டிருப்பதால் இவ்வாண்டுச் செய்தியை இவ்வாண்டே கேட்டறியுங்கள். பன்னிரண்டு மாதச் சாளரத்தைப் படிப்பு முடிந்தபின் நினையாது, முதலாண்டிலேயே திட்டமிடுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு சொல். கடனை விரைவில் அடைக்க வேண்டும் என்று நீங்கள் எழுதும் ஒவ்வொரு கடிதமும், தொலைபேசியிலே விடும் ஒவ்வொரு பெருமூச்சும் பிள்ளையைத் தகாத வேலைக்குத் தள்ளும் சக்தியுடையன. அனுப்புமுன்னே முழுப்படிப்புக்கும் வேண்டிய செலவைக் கணக்கிடுங்கள்; இரவல் வாங்கிய வங்கிக் கணக்கைக் காட்டி விசா எடுத்துவிட்டு, "அங்கே போய் உழைத்துக் கட்டுவான்" என்று எண்ணாதீர்கள். அந்த உழைப்புக்கு அங்கே அனுமதி இல்லை என்பதை மேலே கண்டோம். பிள்ளை உத்தியோகத்தை விட்டுச் சொந்தத் தொழில் செய்யப் போகிறேன் என்றாலும் திடுக்கிட வேண்டாம், "அனுமதி பெற்றாயா?" என்ற ஒரு வினாவை மட்டும் தவறாமற் கேளுங்கள். பதின்மூன்று ஆண்டு பொறுத்தவர்களே அந்நாட்டிலே பெருந்தொழில் கண்டார்கள். நம் பிள்ளைகளுக்கு அறிவும் ஊக்கமும் உண்டு. அவற்றோடு பொறுமையையும் சேர்த்து அனுப்புவது வீட்டாரின் கடமை.